சொத்துரிமை அடிப்படை உரிமை இல்லையாம், அப்புறம் அரசியலமைப்புச் சட்டம் எதற்கு?

கேள்வியைப் பார்த்தால், கேட்டவர் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே ஏதோ ஒரு ஊர்க்காரர் என்று தெரிகிறது. தாத்தா காலத்துத் தோட்டத்தில் சாலை அகலப்படுத்த ஒரு துண்டு வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. பங்காளிகள் பதினொரு பேர், பாதிப் பேர் வெளியூர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒருவர், "சொத்துரிமையை 1978லேயே அடிப்படை உரிமையிலிருந்து தூக்கிவிட்டார்கள். கவர்மெண்ட் எடுத்தால் எடுத்ததுதான். கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் அரசியலமைப்புச் சட்டம் நம்மை எதிலிருந்துதான் காப்பாற்றுகிறது என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. சித்தப்பா சொன்னது சரியா என்பது ஒன்று. சரியென்றால் யாரிடம் போய் என்ன கேட்பது என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: அவர் சொன்ன முதல் வாக்கியம் சரி, இரண்டாவது தப்பு. இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டியிருக்கிறது. நான் தேவகோட்டை, காரைக்குடி கோர்ட்டுகளில் முப்பத்து நான்கு வருடம் சிவில் பக்கம் ஓட்டியவன். பாகப்பிரிவினை, நில எடுப்பு, வாய்க்கால் தகராறு, இவைதான் என் பிழைப்பு. வரி வழக்கோ, அரசு ஊழியர் சர்வீஸ் வழக்கோ கேட்டால் வேறு ஆளைக் காட்டுவேன். உங்கள் நோட்டீஸை நான் பார்க்கவும் இல்லை. அந்த எல்லைக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சொத்துரிமை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகத்தான் இருந்தது. அதுவும் இரண்டு இடத்தில். 19ஆவது பிரிவில் சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவும் குடிமக்களுக்கு உரிமை. 31ஆவது பிரிவில், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது, எடுத்தால் இழப்பீடு தரவேண்டும். இதை எழுதிய கையோடு சண்டை ஆரம்பித்துவிட்டது. ஜமீன்களை ஒழிக்க மாநிலங்கள் சட்டம் போட்டன, ஜமீன்தார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பீகார் சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1951ல் ரத்து செய்தது. அதே ஆண்டே நாடாளுமன்றம் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து 31ஏ, 31பி என்று இரண்டு பிரிவுகளையும், கோர்ட் கை வைக்க முடியாத சட்டங்களை வரிசைப்படுத்தி வைக்க ஒன்பதாவது அட்டவணையையும் சேர்த்தது.

ஜமீன் என்றதும் எங்கோ பீகார் கதை என்று நினைக்கவேண்டாம். நம் பக்கம் பெரும்பாலும் சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களைச் சேர்ந்த நிலம். சென்னை மாகாணம் 1948லேயே எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் போட்டுவிட்டது. அதுவரை ஜமீனுக்குக் கிஸ்தி கட்டிக்கொண்டிருந்த குடியானவர்களுக்கு அரசாங்கத்தின் கீழ் ரயத்துவாரிப் பட்டா கிடைத்தது அதனால்தான். உங்கள் தாத்தாவின் பட்டாவுக்கு மூலம் தேடிப்போனால், யாரோ ஒருவரிடமிருந்து அரசு நிலத்தை எடுத்த கதையில் போய் நிற்கவும் கூடும். சொத்துரிமையை அடிப்படை உரிமையிலிருந்து நீக்கியது அநியாயம் என்று சொல்லும் என் வழக்குக் கட்சிக்காரர்களிடம் இதை நான் ஞாபகப்படுத்துவது வழக்கம். அவர்கள் முகம் கொஞ்சம் கோணும்.

அடுத்த இருபது வருடமும் இழப்பீடு என்ற ஒரு சொல்லை வைத்தே கோர்ட்டும் நாடாளுமன்றமும் மல்லுக்கட்டின. இழப்பீடு என்றால் எடுத்த பொருளுக்கு ஈடான மதிப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகை போதுமா போதாதா என்று கோர்ட் கேட்கக்கூடாது என்று 1955ல் நான்காவது திருத்தம் வந்தது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கினார்கள். அவற்றில் ஒன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்த வங்கி அது. அரசுடைமைச் சட்டத்தை எதிர்த்து வங்கிப் பங்குதாரர் கூப்பர் போட்ட வழக்கில், பதினொரு நீதிபதிகளில் பத்துப் பேர் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். தீர்ப்பு வந்த நாள் 1970 பிப்ரவரி 10. வங்கியின் பிறந்தநாள் அன்றே! நான்கே நாளில் அரசு புதிய அவசரச் சட்டம் போட்டு வங்கிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது, இந்த முறை எந்த வங்கிக்கு எவ்வளவு என்று தொகையை எழுதி. கோர்ட் ஜெயித்ததா, அரசு ஜெயித்ததா? இரண்டும்தான். வங்கிகள் அரசிடம் போயின, ஆனால் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போயின.

அப்புறம் 1971ல் வந்த 25ஆவது திருத்தம் 'இழப்பீடு' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'தொகை' என்று போட்டது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி தீர்ப்பு. பதிமூன்று நீதிபதிகள், ஏழுக்கு ஆறு. அரசியலமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்பது அதன் சாரம். அந்த வழக்கே கேரளத்து மடம் ஒன்று தன் நிலத்துக்காகப் போட்டதுதான். நிலத்துக்காக ஆரம்பித்த வழக்கில் ஜனநாயகத்துக்குக் காப்பு கிடைத்தது, நிலத்துக்குக் கிடைக்கவில்லை. சொத்துரிமை அடிப்படைக் கட்டமைப்பில் சேராது என்பதைப் பெரும்பான்மையில் இருந்த நீதிபதி கன்னாவே தெளிவாகச் சொன்னார். ஆக, 1978ல் ஜனதா அரசு 44ஆவது திருத்தம் கொண்டுவந்து 19லிருந்தும் 31லிருந்தும் சொத்தை எடுத்தபோது தடுக்க யாருக்கும் வழியில்லை. 1979 ஜூன் 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் சித்தப்பா சொன்ன செய்தி இதுதான்.

அவர் சொல்லாமல் விட்டது இரண்டு. அதே 44ஆவது திருத்தம்தான், நெருக்கடி நிலை அறிவித்தாலும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21ஆவது பிரிவை முடக்க முடியாது என்று எழுதியது. 1976ல் நெருக்கடி நிலையின்போது சிறையில் கிடந்தவர்கள் கோர்ட்டைத் தட்டவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அவமானத்துக்குப் பிறகு செய்த காரியம் அது. இரண்டாவது, அதே திருத்தம் 300ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்ற ஒரே வாக்கியம். பழைய 31ஆவது பிரிவின் முதல் வரியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் என் சீனியர், "முகப்பிலிருந்த பெட்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறான். பெட்டி தொலைந்துபோச்சு என்று சொல்லாதே" என்பார்.

முகப்பிலிருந்து பின்கட்டுக்குப் போனதால் நிஜமாகவே மாறியது எது? கதவு மாறியது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் 32ஆவது பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம், அப்படிப் போவதே ஒரு அடிப்படை உரிமை. 300ஏ அந்தப் பட்டியலில் இல்லாததால் அந்த வழி மூடிவிட்டது. ஆனால் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் அதிகாரம், அதாவது அரசுக்கு நேராக உத்தரவு போடும் அதிகாரம், தரும் 226ஆவது பிரிவில், அடிப்படை உரிமைகளுக்காகவும் 'வேறு எந்த நோக்கத்துக்காகவும்' என்று எழுதியிருக்கிறது. அந்தச் சின்ன வால்தான் நமக்குக் கதவு. நம்மூர்க்காரருக்கு அது எங்கோ இருக்கிற கதவும் இல்லை. 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கும்வரை ஒரு ரிட் போட வேண்டுமென்றால் இரவு ரயிலில் சென்னைக்குப் போகவேண்டும், வாய்தாவுக்கு வாய்தா அதே கதை. இப்போது சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்துக்கும் மதுரைதான். காலையில் பஸ் ஏறினால் இரவு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சொத்துரிமை எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதைவிட, கோர்ட் எத்தனை மைல் தள்ளி இருக்கிறது என்பது ஏழைக் குடியானவனுக்குப் பெரிய விஷயம். இது என் சொந்தக் கருத்து, சட்டப் புத்தகத்தில் இருக்காது.

'சட்டத்தின் அதிகாரம்' என்ற இரண்டு சொல்லுக்குள்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இருக்கிறது. கலெக்டர் எடு என்றார், அமைச்சர் சொல்லிவிட்டார் என்பதெல்லாம் சட்டம் ஆகாது. சட்டம் என்றால் நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றியது. அதிகாரி அந்தச் சட்டம் கொடுத்த படிகளில் மட்டும்தான் ஏறலாம். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் கோர்ட் கேட்கும். அரசாங்கத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருப்பது பள்ளிக்கூடப் பாடத்துக்காக இல்லை. நிலத்தை எடுக்கலாம் என்று விதி எழுதுகிறவரும், உங்கள் நிலத்தை எடுக்கிறவரும், எடுத்தது விதிப்படியா என்று பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பதற்காக. உரிமைகள் எல்லாம் அடிப்படை உரிமைகளைச் சொல்லும் மூன்றாம் பாகத்தில் இருக்கின்றன, மற்றதெல்லாம் நிர்வாகச் சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் கட்சிக்காரரைக் காப்பாற்றியது பாதி நேரம் அந்த நிர்வாகச் சமாச்சாரம்தான்.

விதி எழுதுவதிலும் ஒரு பாகப்பிரிவினை உண்டு. ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள். தேசிய நெடுஞ்சாலை ஒன்றியப் பட்டியலில். நிலமும் மற்றச் சாலைகளும் மாநிலப் பட்டியலில். நில எடுப்பு பொதுப் பட்டியலில், 42ஆவது இனமாக. பொதுப் பட்டியலில் இருவரும் சட்டம் போட்டு ஒன்றோடு ஒன்று முட்டினால் 254ஆவது பிரிவின்படி ஒன்றியச் சட்டம் நிற்கும். மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் இருந்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். காகிதத்தில் படித்தால் தூக்கம் வரும் விஷயம். ஆனால் தமிழ்நாட்டில் என்ன நடந்தது பாருங்கள். 2013ல் நாடாளுமன்றம் புதிய நில எடுப்புச் சட்டம் போட்டது, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதற்கு முன்பிருந்த 1894ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட நிலக்காரருக்கு எவ்வளவோ மேல். நம் மாநிலத்திலோ ஆதிதிராவிடர் நலம், தொழில், நெடுஞ்சாலை மூன்றுக்கும் தனித்தனிச் சட்டங்கள் முன்பே இருந்தன, அவற்றைக் காப்பாற்ற மாநில அரசு ஒரு திருத்தம் போட்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், 2013 சட்டம் வந்ததும் அந்த மூன்றும் செத்துவிட்டன, செத்ததற்குத் திருத்தம் போட்டு உயிர் கொடுக்க முடியாது என்றது. சட்டமன்றம் அதே வருடம் அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுக்கும் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. நடுவிலிருந்த அந்தச் சில மாதங்களில், இந்தச் சட்டங்களில் மாட்டிய நிலக்காரர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தது பட்டியல் தகராறுதான். எந்த அடிப்படை உரிமையும் இல்லை.

இதனால்தான் உங்கள் நோட்டீஸ் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பது முதல் கேள்வி. நம் பக்கம் தேசிய நெடுஞ்சாலையும் போகிறது, மாநிலச் சாலையும் போகிறது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டம், அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபணை. மாநிலச் சாலை என்றால் பெரும்பாலும் 2001ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், அதில் ஏன் எடுக்கக்கூடாது என்று காரணம் கேட்டு முதலில் நோட்டீஸ் வரும். நேராக 2013 சட்டம் என்றால் ஆட்சேபணைக்கு 60 நாள். எந்த வழியாக வந்தாலும் பணக் கணக்கு இப்போது அநேகமாக 2013 சட்டத்தின் அளவுகோல்தான்: சந்தை மதிப்பு, கிராமப்புறம் என்றால் அதன்மேல் ஒன்று முதல் இரண்டு வரை பெருக்கல், கிணறு மரம் கட்டடம் தனிக் கணக்கு, எல்லாம் கூட்டி அதே அளவு இன்னொரு பங்கு ஆறுதல் தொகை. இவ்வளவும் உறுதி.

இனி அவ்வளவு உறுதியில்லாத பக்கம். 300ஏ பிரிவில் இழப்பீடு என்ற சொல்லே இல்லை. பொதுக் காரியம் என்ற சொல்லும் இல்லை. இரண்டும் அதற்குள் பொதிந்திருக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் 2011ல் சொல்லியிருக்கிறது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி சம்பந்தப்பட்ட தீர்ப்பில் இன்னும் தாராளமாக, அந்த ஒரே வாக்கியத்துக்குள் ஏழு உரிமைகளைப் பார்த்தது. நோட்டீஸ் கொடுக்கவேண்டும், ஆட்சேபணையைக் கேட்கவேண்டும், காரணம் எழுதி முடிவு சொல்லவேண்டும், எடுப்பது பொதுக் காரியத்துக்காகத்தான் என்று காட்டவேண்டும், நியாயமான இழப்பீடு தரவேண்டும், காலக்கெடுவுக்குள் வேலையை நடத்தவேண்டும், கடைசியில் முறைப்படி முடித்து நிலத்தைக் கைக்கொள்ளவேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் சந்தை மதிப்புக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் 300ஏ மீறல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இழப்பீடு கண்துடைப்பாக இருக்கக்கூடாது என்பது நிச்சயம், கடைசிப் பைசா வரை கோர்ட் கணக்குப் பார்க்கும் என்பது நிச்சயமில்லை. அதேபோல, சாலையை அந்தப் பக்கம் வளைக்கக்கூடாதா என்று ரிட் போடுகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருகிறார்கள். சாலை எங்கே போகவேண்டும் என்பதைப் பொறியாளர்தான் சொல்லவேண்டும் என்று கோர்ட் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு விலக்கு உண்டு: செல்வாக்குள்ள ஒருவரின் இடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றே சாலையின் போக்கை வளைத்தார்கள் என்று ஆவணத்தோடு காட்டினால் அது 14ஆவது பிரிவு, சமத்துவம், அசல் அடிப்படை உரிமை. காட்டுவது கஷ்டம். ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பது ஆவணம் ஆகாது.

அடிப்படை உரிமை என்று எழுதிவைத்தால் மட்டும் நிலம் தப்பித்துவிடுமா? இமாச்சலப் பிரதேசத்தில் வித்யா தேவி என்ற எழுதப்படிக்கத் தெரியாத விதவை. 1967-68ல் சாலை போட அவருடைய நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. நோட்டீஸும் இல்லை, பணமும் இல்லை. அன்றைக்குச் சொத்துரிமை அடிப்படை உரிமை, அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. பக்கத்து நிலக்காரர்களுக்குப் பணம் கிடைத்ததைக் கேள்விப்பட்டு 2010ல்தான் கோர்ட்டுக்குப் போனார். இத்தனை வருடம் நாங்கள் அனுபவித்துவிட்டோம், அனுபவ பாத்தியதையில் நிலம் எங்களுடையது என்று ஒரு மாநில அரசு தன் குடிமகளிடமே வாதாடியது. உயர் நீதிமன்றம் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அரசு தன் மக்களிடம் அப்படி வாதாடக்கூடாது, தாமதத்தைக் காட்டியும் தப்பிக்க முடியாது என்று சொல்லி இழப்பீடு தரச் சொன்னது. அப்போது அவருக்கு எண்பது வயது. அடிப்படை உரிமையாக இருந்த காலத்தில் போன நிலத்துக்கு, அடிப்படை உரிமை இல்லாமல் போன காலத்தில் நியாயம் கிடைத்தது. பின்கட்டுப் பெட்டிதான் அவருக்கு உதவியது.

இதை எழுதும்போது எனக்கு ஒரு குறுகுறுப்பு. தொண்ணூறுகளின் நடுவில் இதே மாதிரி ஒரு ஆச்சி என்னிடம் வந்தார். தோட்டத்து ஓரமாக உள்ளூர் நிர்வாகம் சாலைக்கு மண்ணடித்துவிட்டது. எடுப்பும் இல்லை, பத்திரமும் இல்லை. ரிட் என்றால் சென்னை, செலவு, அலைச்சல் என்று யோசித்து, நான் இங்கேயே முன்சீப் கோர்ட்டில் தடை கேட்டு வழக்குப் போட்டேன். அது விசாரணைக்கு வருவதற்குள் தார் போட்டு முடித்துவிட்டார்கள். போட்ட சாலைக்குத் தடை கேட்டு என்ன செய்வது? வேறு வழக்குப் போடும் உரிமையை வைத்துக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றோம். அப்புறம் அது அப்படியே கிடந்தது. 2020 தீர்ப்பு வந்த பிறகுதான் ஆச்சியின் மகனைக் கூப்பிட்டு மதுரையில் ரிட் போட வைத்தேன். சட்டப்படி எடுப்பு நடத்திப் பணம் கொடுங்கள் என்று உத்தரவு வந்தது. ஆச்சி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார், பணம் வாரிசுகளுக்குப் போனது. வக்கீல் தப்பான கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

கதவே இல்லாத இடத்தையும் எங்கள் குடும்பம் பார்த்திருக்கிறது. என் தாத்தா பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளை. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால்வாசி செட்டியார்கள் கையில் இருந்தது, பெரும்பாலும் பொருளாதார மந்தத்தில் கடன் வசூலாகாமல் வந்து சேர்ந்த நிலம். ஜப்பான் சண்டையில் 1942ல் தாத்தா நடந்தே திரும்பினார். பர்மாவின் 1947ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம், எல்லா நிலத்துக்கும் இறுதி உடைமையாளர் அரசே என்று எழுதியது. அடுத்த வருடமே நிலத்தை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் வந்தது. பர்மியக் குடியானவன் பக்கமிருந்து பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது, வட்டிக்கு நிலத்தை இழந்தவன் அவன். தாத்தாவுக்கு அது புரிந்துதான் இருந்தது. அவர் குறை வேறு: "கேக்கறதுக்கு ஒரு கச்சேரி இல்லையப்பா" என்பார். கச்சேரி என்றால் அந்தக் காலத்தில் கோர்ட்டு. நம் சட்டத்தில் 14, 21, 300ஏ மூன்றுமே 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'எவரும்' என்றுதான் சொல்கின்றன. வெளிநாட்டுக்காரனுக்கும் இங்கே கேட்க ஒரு கச்சேரி உண்டு. தாத்தாவின் பேரன் என்பதால் எனக்கு அந்த ஒரு சொல்லின்மேல் தனிப் பிரியம்.

சரி, உங்கள் காரியத்துக்கு வருவோம். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். செட்டிநாட்டில் பெரிய வீடு, பெரிய தோட்டம் வைத்திருக்கிற பாதிக் குடும்பங்களின் நிலை இதுதான். இறந்தவர் பெயருக்கு நோட்டீஸ் போகும், பினாங்கிலும் பெங்களூரிலும் இருக்கிற பங்காளிக்கு விஷயமே தெரியாது, 21 நாள் ஓடிவிடும். பதினொரு பேரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு ஆட்சேபணை கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் அனுப்பட்டும். கிணறு, தென்னை, சுற்றுச்சுவர் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். வாரிசுச் சான்றும் வில்லங்கச் சான்றும் இப்போதே எடுத்துவிடுங்கள். மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். ஊர் நன்மைக்குத்தானே என்று யாராவது சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், ஒரு வக்கீலிடம் காட்டாமல் போடவேண்டாம். அந்தக் கடிதம் போட்ட பிறகு 300ஏ பற்றி நான் எவ்வளவு பேசினாலும் பிரயோஜனம் கிடையாது.

பங்காளிகளுக்குள் தகராறு இருந்தால் பணம் யார் கைக்கும் வராது. யாருக்கு எவ்வளவு என்று தீரும்வரை அதை டெபாசிட்டாகக் கட்டி வைத்துவிடுவார்கள். அப்படிக் கிடந்து இரண்டு தலைமுறைக்குக் கை மாறாத பணத்தை நான் பார்த்திருக்கிறேன். சாலைக்கு எதிராகச் சண்டை போடுவதற்கு முன் சித்தப்பாவோடு ஒரு உடன்படிக்கை எழுதிக்கொள்வது நல்லது. வக்கீல் செலவு முடியாது என்றால் தாலுகா கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசம். உங்கள் பங்காளிகளில் அத்தைமார் இருந்தால் அவர்கள் பெயரிலேயே உதவி கேட்கலாம்.

நோட்டீஸின் முதல் பத்தியில், இன்ன ஆண்டுச் சட்டத்தின் இன்ன பிரிவின்படி என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரியையும் அது உங்கள் கைக்கு வந்த தேதியையும் மட்டும் எழுதுங்கள். எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.